வீடு எந்தத் திசையில்?

நம் உறவினரான முதியவர் ஒருவர் நாள்தோறும் மஃரிப் நேரம் நெருங்கியதும் முற்றத்தில் எழுந்து நிற்பார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். "நேரமாச்சு தம்பி, வீட்டுக்குப் போகணும்" என்பார். அவர் நிற்பது அவருடைய வீட்டில்தான். அவரே மனை வாங்கி, கொத்தனாரோடு வெயிலில் நின்று கட்டிய வீடு. நாற்பது ஆண்டுகளாக அவர் உறங்கி எழுந்த வீடு. மகன் வந்து கையைப் பிடித்து, "இதுதான் வாப்பா நம்ம வீடு" என்று சொன்னால், அறிமுகமில்லாத நல்ல மனிதர் ஒருவரைப் பார்ப்பதுபோல அவனைப் பார்ப்பார். "நல்ல வீடுதான். நான் போகணும்" என்பார்.

புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர் சொல்லிவிட்டுப் போனார்கள். மருமகள் வெளிக்கதவுக்குப் பூட்டுப் போட்டாள். தெருவில் வண்டிகள் ஓடும் காலத்தில் அவளைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மகன் ஒருநாள் நம்மிடம் கேட்ட கேள்வி எளிதில் விடை சொல்லக்கூடியதாக இல்லை. "இது உங்க வீடுன்னு சொன்னா அவங்க அழுறாங்க. சரி, போவோம்னு சொன்னா நான் பொய் சொன்னவனாகிறேன். எதைச் சொல்ல?" என்றான். ஓர் இடத்தில் இருப்பது வேறு, அந்த இடத்தில் இருப்பதாக அறிவது வேறு என்பதை அதற்கு முன் நாம் நின்று எண்ணிப் பார்த்ததில்லை. முற்றத்துக் கல்லும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் கல்லுக்கு அது வீடன்று. அப்படியானால் 'இங்கே' என்னும் அறிவு நமக்குள் எங்கே உண்டாகிறது? அது அழிந்தபின் மனிதனிடம் எஞ்சுவது என்ன? இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டுதான் மூளை அறிஞர்களின் நூல்களுக்குள் நாம் நுழைந்தோம்.

1948-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உளவியல் கற்பித்துவந்த எட்வர்ட் டோல்மன், எலிகளையும் மனிதர்களையும் ஒருசேரப் பேசும் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். உயிரினங்கள் கற்பதெல்லாம் பழக்கமே, ஒரு தூண்டுதலுக்கு ஒரு திருப்பம் என்று கோத்துவைத்த சங்கிலியே என்ற கொள்கை அன்று கோலோச்சியது. புதிர்வழியில் உணவைத் தேடும் எலி 'முதலில் இடப்புறம், அடுத்து வலப்புறம்' என்று மனப்பாடம் செய்வதாகவே கருதினார்கள். டோல்மன் பழகிய வழியை அடைத்துவிட்டுப் புதிய வழிகள் பலவற்றைத் திறந்துவைத்தார். எலிகளில் பல, முன்பு ஒருபோதும் நடந்திராத, ஆனால் உணவிருந்த திசையை நோக்கிச் செல்லும் வழியைத் தேர்ந்தெடுத்தன. எலியின் உள்ளே அந்த இடத்தைப் பற்றிய ஒரு படம் இருக்க வேண்டும் என்றார் அவர். அந்தப் படம் மூளையில் எங்கே இருக்கிறது என்று அன்று எவராலும் சொல்ல முடியவில்லை.

இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. 1971-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஜான் ஓகீஃபும் அவருடைய மாணவர் ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் தடையின்றி நடமாடும் எலியின் மூளைக்குள் மயிரினும் மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, தனித்தனி நரம்பணுக்களின் மின்துடிப்பைக் கேட்டார்கள். கடற்குதிரையின் வடிவத்தை ஒத்திருப்பதால் ஹிப்போகேம்பஸ் என்று பெயர்பெற்ற பகுதி அது. அவர்கள் பதிவு செய்த 76 அணுக்களில் 8 அணுக்கள் விந்தையாக நடந்துகொண்டன. எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வரும்போது ஓர் அணு படபடவென்று துடிக்கும்; அந்த மூலையை விட்டு நீங்கினால் அடங்கிவிடும். வேறோர் அணுவுக்கு வேறோர் இடம். பின்னாளில் இவற்றை 'இட அணுக்கள்' என்று வழங்கினார்கள். எட்டு அணுக்களை வைத்துக்கொண்டு மூளையின் நிலப்படத்தைக் கண்டோம் என்று சொன்னவரை அன்று பலர் நம்பவில்லை. ஓகீஃபும் லின் நேடலும் 1978-இல் இதைப் பெருநூலாக எழுதியபோது, இடம் என்பது என்ன என்று தத்துவ அறிஞர்கள் செய்த வாதங்களிலிருந்தே தொடங்கினார்கள். எலியைப் பற்றிய நூல் காண்ட் என்னும் ஜெர்மானியத் தத்துவ அறிஞரோடு வழக்காடுவது நமக்குப் பெரிதும் பிடித்திருந்தது.

அடுத்துத் திசை. 1984-இல் நியூயார்க்கின் புரூக்லின் பகுதியில் ஜேம்ஸ் ரேங்க், எலியின் தலை ஒரு குறிப்பிட்ட பக்கம் நோக்கும்போது மட்டும் துடிக்கும் அணுக்களைக் கண்டார். எலி எந்த இடத்தில் இருந்தாலும் சரி, முகம் அந்தப் பக்கம் திரும்பியதும் அந்த அணு விழித்துக்கொள்ளும். இவை காந்த ஊசிகளல்ல. பூமியின் வடக்கை இவை அறியா. அறையிலுள்ள அடையாளங்களைச் சுழற்றி வைத்தால் இவற்றின் திசையும் உடன் சுழலும்.

எல்லாவற்றிலும் வியப்பானது 2005-இல் நார்வே நாட்டின் டிரோண்ட்ஹெய்ம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோரும் அவர்களுடைய மாணவர்களும் கண்டது. ஹிப்போகேம்பஸுக்கு அடுத்துள்ள எண்டோரைனல் புறணியில் ஓர் அணு ஓரிடத்தில் மட்டும் துடிக்கவில்லை. பல இடங்களில் துடித்தது. அந்த இடங்களைத் தாளில் புள்ளிகளாக வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஆறு புள்ளிகள் ஒத்த தொலைவில் அமைந்திருந்தன. வாசலில் கோலமிடுவோர் வைக்கும் இடைப்புள்ளி வரிசை போலவும், தேனடையின் அறைகள் போலவும் இருந்தது அந்த அமைப்பு. எலி நடந்த தரையில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. அறுகோண ஒழுங்கு முழுவதும் மூளை தானே விரித்த பாய். இவற்றுக்கு 'வலை அணுக்கள்' என்று பெயர். 2014-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் ஒரு பாதி ஓகீஃபுக்கும் மறுபாதி மோசர்கள் இருவருக்கும் வழங்கப்பட்டது. மூளையில் கம்பிகளைச் சுமந்து நடந்த எலிகளின் பெயர் எந்தச் சான்றிதழிலும் இல்லை. அவற்றின் கடனை நாம் எந்தக் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி தனியே ஒரு கட்டுரைக்குரியது. இங்கே அதைக் குறிப்பிடாமல் கடந்துபோக மட்டும் மனம் ஒப்பவில்லை.

ஓர் அணு எப்போது துடிக்கிறது என்று கண்டுகொள்வது ஒரு வேலை. ஏன் அப்படித் துடிக்கிறது என்று சொல்வது அதைவிடக் கடினமான வேலை. இங்கேதான் கணிதமும் கணினியும் உள்ளே வருகின்றன. மூளையைப் போன்ற ஒன்றை எண்களால் கட்டி, அது எலியின் அணுக்களைப்போலவே நடந்துகொள்கிறதா என்று பார்க்கிறார்கள். இவற்றைக் கணித மாதிரிகள் என்கிறார்கள்.

திசை அணுக்களை எடுத்துக்கொள்வோம். அணுக்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பதாக எண்ணுங்கள். அடுத்தடுத்து இருப்பவை ஒன்றையொன்று தட்டி எழுப்பும். தொலைவில் இருப்பவை ஒன்றையொன்று அடக்கும். இந்த ஏற்பாட்டில் வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் விழித்திருக்க முடியாது. ஓரிடத்தில் மட்டும் ஒரு சிறு கூட்டம் விழித்திருக்கும், மற்றவை உறங்கும். தலை வலப்புறம் திரும்பினால் அந்த விழிப்பு வட்டத்தில் ஒரு பக்கமாக நகரும்; இடப்புறம் திரும்பினால் மறுபக்கமாக நகரும். கண்ணை மூடிக்கொண்டாலும் கழுத்தின் சுழற்சியை எண்ணிக்கொண்டே அது தன் இடத்தைக் காத்துக்கொள்ளும். 1990-களின் இடையில் இந்த மாதிரியை எழுதியவர்கள் வட்டம் என்று சொன்னது கணக்கின் வசதிக்காகத்தான். எலியின் மூளையில் அந்த அணுக்கள் வட்டமாக அமர்ந்திருக்கவில்லை. ஆனால் 2015-இல் அமெரிக்காவில் ஜொஹன்னஸ் சீலிக், விவேக் ஜெயராமன் என்னும் இருவர் பழ ஈயின் மூளையை நோக்கினார்கள். சுழலும் ஒரு சிறு பந்தின்மேல் ஈயை நடக்கவிட்டு, அதன் மூளையில் ஒளிரும் அணுக்களைப் பார்த்தபோது, அங்கே மெய்யாகவே ஒரு வளையம் இருந்தது. அந்த வளையத்தில் ஒரே ஒரு விழிப்பு இருந்தது. ஈ திரும்பத் திரும்ப அது வளையத்தில் சுற்றிவந்தது. விளக்கை அணைத்தபின்னும் ஈயின் நடையைப் பின்பற்றி அது நகர்ந்தது. தாளில் கணக்காக வரைந்த வளையம், பழத்தட்டின்மேல் மொய்க்கும் ஒரு பூச்சிக்குள் உருவத்தோடு கிடைத்தது.

வலை அணுக்களுக்கு ஒரு வளையம் போதாது. இரு திசைகளிலும் நகர வேண்டும் அன்றோ? அணுக்களைத் தாளைப் போல விரித்து, வலது ஓரத்தை இடது ஓரத்தோடும், மேல் ஓரத்தைக் கீழ் ஓரத்தோடும் இணைத்துவிட்டதாகக் கொள்ளுங்கள். தாளைச் சுருட்டிக் குழாயாக்கி, குழாயின் இரு முனைகளையும் சேர்த்தால் கிடைப்பது நடுவில் துளையுள்ள உளுந்து வடையின் வடிவம். எலி நேராக நடந்துகொண்டே இருக்கும்போது, விழிப்பு அந்த வடையின் மேற்பரப்பைச் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே மீண்டும் மீண்டும் வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் அதே அணு துடிக்கும். தரையில் ஒத்த இடைவெளியில் புள்ளிகள் விழுவதன் காரணம் இதுவே என்று 2006-ஆம் ஆண்டளவில் சிலர் எழுதினார்கள். 2022-இல் மோசர்களின் ஆய்வுக்கூடத்தார் நூற்றுக்கணக்கான வலை அணுக்களின் துடிப்பை ஒரே நேரத்தில் பதிவுசெய்து, அத்தனை துடிப்புகளும் சேர்ந்து எந்த வடிவத்தில் அடங்குகின்றன என்று கணித்தார்கள். அதே வடையின் வடிவம் வந்தது. எலி உறங்கும்போதும் அந்த வடிவம் கலையவில்லை. நடக்காத எலியின் மூளையில் நடையின் வடிவம் அப்படியே இருந்தது.

எல்லா மாதிரிகளும் இவ்வாறு வெற்றி பெறவில்லை. சற்றே சுருதி பிசகிய இரு தம்புராக்கள் சேர்ந்து ஒலிக்கையில் ஓர் அலைவு எழுமல்லவா, அதுபோல மூளையின் இரு தாளங்கள் கலப்பதால்தான் வலை பிறக்கிறது என்று 2007-இல் சிலர் சொன்னார்கள். மிக அழகான கருத்து. 2011-இல் பழந்தின்னி வௌவாலின் மூளையைப் பார்த்தபோது, அங்கே வலை இருந்தது. இடைவிடாத அந்தத் தாளம் இல்லை. அழகான கருத்துக்குப் பெரிய இடையூறு அது. வேறொரு கதையில் மாதிரியே முந்திக்கொண்டது. எலியிருக்கும் பெட்டியின் சுவரை நகர்த்தினால் இட அணுவின் இடமும் சுவரோடு நீள்கிறது என்று 1996-இல் ஓகீஃபும் நீல் பர்ஜெஸும் கண்டார்கள். அப்படியானால் 'இந்தத் திசையில் இத்தனை தொலைவில் சுவர்' என்று மட்டும் சொல்லும் அணுக்கள் எங்கேனும் இருந்தாக வேண்டும் என்று அவர்கள் கணக்கு சொல்லிற்று. அத்தகைய அணுவை எவரும் கண்டதில்லை. 2009-இல் அவை ஹிப்போகேம்பஸை அடுத்த பகுதியில் கிடைத்தன. கணக்கு முன்னே சென்று கதவைத் தட்ட, உள்ளிருந்து ஆள் வந்ததுபோல் இருந்தது அது.

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2018-இல் லண்டனின் டீப்மைண்ட் நிறுவனத்தார் கணினியில் ஒரு செயற்கை நரம்புவலையை அமைத்து, வேகத்தையும் திருப்பத்தையும் மட்டும் கொடுத்து, 'நீ எங்கே இருக்கிறாய்' என்று கணிக்கப் பழக்கினார்கள். பழகிய கணினிக்குள் அறுகோண வலைகள் தாமே முளைத்தன என்று செய்தி வந்தது. மூளையின் இரகசியத்தை இயந்திரம் தானே கண்டுபிடித்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். 2022-இல் வேறு மூவர் அதே வகை வலைகளை ஆயிரக்கணக்கில் மறுபடி பழக்கிப் பார்த்தார்கள். வழி கணிக்க அவை நன்றாகவே கற்றன. ஆனால் பெரும்பாலானவற்றில் அறுகோணம் முளைக்கவில்லை. அமைப்பவர்கள் சில அளவுகளை முன்கூட்டியே ஒரு குறிப்பிட்ட வகையில் வைத்தால் மட்டுமே முளைத்தது. நாம் சட்டைப்பையில் போட்டுவைத்த காசையே நாம் கண்டெடுத்தோமா என்ற ஐயத்தை இது எழுப்பிற்று. அறிஞர்கள் தங்கள் வேலையைத் தாங்களே இவ்வாறு சோதித்துப் பார்ப்பது நமக்கு மதிப்பை உண்டாக்குகிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஓர் அணு ஓர் இடத்தைக் 'குறிக்கிறது' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். யாருக்குக் குறிக்கிறது? ஆய்வாளர் மேலே நின்று எலியையும் பார்க்கிறார், துடிப்பையும் கேட்கிறார்; இரண்டையும் ஒப்பிட்டு 'இது இந்த மூலையின் அணு' என்று பெயரிடுகிறார். எலிக்கு அப்படி மேலே நிற்கும் ஓர் ஆள் இல்லை. அணு எதையும் அறியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அண்டை அணுக்களின் தட்டல்தான். படம் இருந்தால் அதைப் பார்ப்பவன் எங்கே என்று கேட்டு, மூளைக்குள் ஒரு குட்டி மனிதனை வைத்து, அவன் மூளைக்குள் இன்னொருவனை வைத்து என்று போனால் முடிவே இராது.

இதற்கு ஒரு விடையை நமக்குக் காட்டியது ஓர் எறும்பு. சகாராவின் ஓரத்தில், டுனீசியாவின் உப்புத் தரைகளில் வாழும் எறும்பு வகை ஒன்றுண்டு. மரமோ மேடோ இல்லாத வெளியில் அது வளைந்து வளைந்து இரை தேடிச் செல்லும். இரை கிடைத்ததும் நேர்கோட்டில் வளைக்குத் திரும்பும். அது தன் அடிகளைக் கணக்கிடுகிறதோ என்று ஐயுற்ற மூன்று ஆய்வாளர்கள், 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், இரையை அடைந்த எறும்புகள் சிலவற்றின் கால்களில் பன்றி மயிரை ஒட்டி நீளமாக்கினார்கள்; வேறு சிலவற்றின் கால்களைக் குறுக்கினார்கள். வளை இருந்தது 10 மீட்டர் தொலைவில். பொய்க்கால் எறும்புகள் 15 மீட்டருக்கு மேல் சென்று அங்கே நின்று வளையைத் தேடின. குறுங்கால் எறும்புகள் 6 மீட்டருக்குள்ளாகவே நின்று தேடின. எண்ணிய அடி ஒன்றும் தவறவில்லை; அடியின் நீளம்தான் மாறிவிட்டது.

இல்லாத வளையைச் சுற்றிச் சுற்றித் தேடும் அந்த எறும்பை நினைத்துப் பாருங்கள். அது தவறுகிறது. தவற முடிகிறது என்பதாலேயே அதனுள் இருப்பது வெறும் துடிப்பன்று, வளையைப் பற்றிய ஒரு கூற்று என்று நாம் சொல்கிறோம். முற்றத்துக் கல்லைத் தூக்கி எங்கே எறிந்தாலும் அதற்கு வழி தவறுவதில்லை. போக வேண்டிய இடம் ஒன்று உள்ள உயிருக்கே வழி தவறும். படத்தைப் பார்க்கும் குட்டி மனிதன் தேவையில்லை. நடப்பவன் இருந்தால் போதும். படத்தை அவன் கால்களால் வாசிக்கிறான். டீப்மைண்டின் கணினி தன் இடத்தைத் தவறாகக் கணித்தால் ஓர் எண் பிழைபடுகிறது. அதற்குத் திரும்பவேண்டிய வளை எதுவும் இல்லை. அறுகோணம் எத்தனை அழகாக முளைத்தாலும் அந்தக் கணினி எங்கும் இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. இதை மறுப்பவர்கள் உண்டு. நாளை கால்முளைத்த இயந்திரம் மின்னூட்டத்துக்காகத் தன் மூலையைத் தேடி அலையும்போது நம் வாதம் தளரவும் கூடும்.

இடம் என்பது உலகத்தில் உள்ளதா, மனம் உலகத்தின்மேல் விரிப்பதா என்பது பழைய வழக்கு. 1781-இல் காண்ட், இடம் என்பது அனுபவத்தால் பெறப்படுவதன்று, அனுபவம் நிகழ்வதற்கே முன்னதாக மனம் கொண்டுவரும் வடிவம் என்றார். 2010-இல் நார்வேயிலும் லண்டனிலும் இரு குழுவினர் பிறந்து இரண்டு வாரமே ஆன எலிக்குஞ்சுகளைப் பார்த்தார்கள். அவை வளையை விட்டு முதன்முதலாக வெளியே வந்து உலவும் நாள்களிலேயே திசை அணுக்கள் வேலையில் இருந்தன. இட அணுக்கள் தொடர்ந்து முதிர்ந்தன. வலை அணுக்கள் சற்றுத் தாமதித்து வந்தன. காண்டுக்குப் பாதி வெற்றி எனலாம். மறுபாதிக்கு நாம் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னு அல்-ஹைதமிடம் போக வேண்டும். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' கண் எப்படித் தொலைவை அறிகிறது என்று ஆராய்கிறது. கண் தொலைவைக் காண்பதில்லை. காலடிக்கு அருகிலுள்ள நிலத்தை மனிதன் தன் உடலாலும் நடையாலும் அளந்து பழகுகிறான், அந்தப் பழக்கத்தைக் கொண்டே அப்பாலுள்ளதை மதிப்பிடுகிறான் என்பது அவர் கருத்து. எல்லாம் எங்கள் கிதாபுகளில் முன்பே இருக்கிறது என்று மார்தட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கு நரம்பணுவும் தெரியாது, வலையும் தெரியாது. ஆனால் இடத்தை அறிவது கண்ணின் வேலை மட்டுமன்று, காலின் வேலையும் ஆகும் என்பதை அவர் கண்டிருந்தார். கைப்பேசியின் நீலப் புள்ளியை நம்பி, தெருப்பெயர் ஒன்றும் தெரியாமல் ஊர்விட்டு ஊர் போய்வரும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போது அவர் நினைவு வருகிறது. 2000-ஆம் ஆண்டில் எலனோர் மக்வயர் குழுவினர், லண்டன் நகரின் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் ஏற்றித் தேர்வு எழுதும் டாக்சி ஓட்டுநர்களின் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதைக் காட்டினார்கள்.

இப்போது அந்த முதியவரிடம் வருவோம். ஞாபகத்தை அரிக்கும் அல்சைமர் நோய் மூளையில் முதன்முதலாகப் பற்றும் இடங்களில் ஒன்று எண்டோரைனல் புறணியின் பக்கமே என்று 1991-இல் ஜெர்மனியின் பிராக் தம்பதியர் விளக்கினார்கள். வலை அணுக்களின் இருப்பிடம் அது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த நோய்க்கு மரபுவழி அபாயம் கூடுதலாக உள்ள இளைஞர்களிடம், நோயின் அறிகுறி எதுவும் தோன்றாத வயதிலேயே, வலையின் ஒழுங்கு சற்றுக் குலைந்திருப்பதைக் கண்டது. பெயரை மறப்பதற்கு முன் இடத்தை மறக்கத் தொடங்குவோர் உண்டு என்பதில் இனி வியப்பில்லை.

ஆனால் நம்மை நிறுத்தியது வேறொன்று. 1999-இல் எட்மண்ட் டெங், லாரி ஸ்குவையர் ஆகிய இருவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மூளையழற்சியால் அவருடைய ஹிப்போகேம்பஸ் இருபுறமும் அழிந்துபோயிருந்தது. நோய்க்குப் பிறகு குடிபுகுந்த வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களை அவர் சிறிதும் அறியவில்லை. ஆனால் இளமையில் வளர்ந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த ஊரைக் கேட்டபோது, அந்த ஊரில் வளர்ந்த மற்றவர்களைப் போலவே அவர் வழி சொன்னார். ஒரு தெருவை அடைத்துவிட்டால் மாற்றுவழி எது என்று கேட்டாலும் சொன்னார். புதிய படத்தை எழுதும் கை போயிற்று. பழைய படம் வேறெங்கோ பத்திரமாக இருந்தது.

இதைப் படித்த பிறகு அந்த முதியவரிடம் உட்கார்ந்து, "உங்க வீடு எங்கே?" என்று கேட்டோம். அதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. 'இதுதான்' என்று சொல்லவே எல்லாருக்கும் அவசரம். அவர் சொன்னார்: தைக்காவைத் தாண்டி, பொதுக் கிணற்றடியில் இடப்பக்கம் திரும்பி, இரண்டாவது முடுக்கில் நீல வாசற்கதவு. அவர் பிறந்த ஊர் அது. வீடு இடிந்து முப்பது ஆண்டுகளாகின்றன. அவருடைய தங்கையிடம் விசாரித்தோம். "கதவு நீலந்தான். கெணத்தடியில எடப்பக்கந்தான்" என்றார் அந்த அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பேதலித்த புத்தி என்று சொல்லப்பட்ட புத்தி சொன்ன வழி ஓர் அடிகூடத் தவறவில்லை. எறும்பைப்போல அவரும் எண்ணியதை எண்ணியபடியே வைத்திருக்கிறார். காலடியில் இருந்த நிலம்தான் மாறிவிட்டது.

அப்படியானால் 'வீட்டுக்குப் போகணும்' என்பது பொய்யா? அது பிழை. பிழை வேறு, உளறல் வேறு. உளறலுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பிழைக்குள் ஒரு கூற்று இருக்கிறது, கூற்றுக்குப் பின்னே ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே நமக்கு இப்னு சீனா துணை நிற்கிறார். 'ஷிஃபா' என்னும் பெருநூலில் உயிரைப் பற்றிய பகுதியில் அவர் ஒரு கற்பனையைச் சொல்கிறார். முழுமனிதன் ஒருவன் வெட்டவெளியில் மிதந்தவாறே படைக்கப்படுகிறான், கண் மூடியிருக்கிறது, உறுப்புகள் ஒன்றையொன்று தொடவில்லை, காற்றும் மேலே படவில்லை. அவனுக்குத் தன் கைகால் இருப்பது தெரியாது. நீளம், அகலம், ஆழம் ஒன்றும் தெரியாது. ஆயினும் 'நான் இருக்கிறேன்' என்பது தெரியும் என்கிறார். உயிர் உடலின் வேறு என்று நிறுவ அவர் இந்தக் கற்பனையைப் பயன்படுத்தினார். அந்த முடிவு இதிலிருந்து கிடைக்குமா என்று அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளாக வாதிடுகிறார்கள். நமக்கு அதில் ஒரு சிறு பகுதி போதும். 'எங்கே' போய்விட்டாலும் 'நான்' போய்விடுவதில்லை. வலை அறுந்த மூளைக்குள்ளும் தேடுகிறவர் இருக்கிறார். தேடுகிறவர் இல்லாவிட்டால் அவர் மஃரிப் நேரத்தில் துண்டை எடுத்துத் தோளில் போட வேண்டியதே இல்லை.

மகன் கேட்ட கேள்விக்கு நாம் கூறிய விடை இதுதான். 'இதுதான் உங்க வீடு' என்பது உண்மை. ஆனால் அவர் கேட்காத கேள்விக்கு விடை. அவர் கேட்டது நீலக் கதவை. 'அந்த வீடு இடிந்துவிட்டது' என்பதும் உண்மைதான். அதை ஒவ்வொரு மாலையும் புதிதாகக் கேட்டு ஒவ்வொரு மாலையும் அழும்படி ஒருவரை ஆக்குவது உண்மைக்குச் செய்யும் தொண்டு என்று நம்மால் எண்ண முடியவில்லை. பொய் சொல்லவும் தேவையில்லை. 'நாளைக்குப் போகலாம்' என்று ஏய்ப்பதைவிட, 'அந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்க வாப்பா' என்று கேட்பதில் பொய் எதுவும் இல்லை. இதனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கதவை உலுக்குகிறவரோடு உட்கார்ந்து நீலக் கதவின் கதையைக் கேட்க எல்லாராலும் முடியாது. தினமும் தூங்காத மருமகளுக்குத் தத்துவம் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. பூட்டு இருக்கட்டும். பூட்டியவர்கள் உள்ளே இருப்பவரைப் பைத்தியம் என்று பிள்ளைகளின் காதுபடச் சொல்லாதிருக்கட்டும்.

அந்த வீட்டில் பன்னிரண்டு வயதுப் பேரன் ஒருவன் இருக்கிறான். பாட்டனாரை அவர்கள் 'அப்பா' என்றே அழைப்பார்கள். ஒரு மாலை அவர் துண்டைத் தோளில் போட்டதும் அவனும் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க அப்பா, நடப்போம்" என்று பூட்டைத் திறந்தான். கையைப் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார்கள். வழியெல்லாம் அவர் கிணற்றடியைப் பற்றியும், தைக்காவில் கந்தூரிக்குக் காய்ச்சிய கஞ்சியைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தாராம். சுற்றி முடித்து வாசலுக்கு வந்ததும் நின்று கதவைப் பார்த்தார். "வந்துட்டோமா தம்பி?" என்றார். "வந்துட்டோம் அப்பா" என்றான் அவன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

எல்லா நாளும் இப்படி நடப்பதில்லை. சில நாள் வாசலில் நின்று, "இது யார் வீடு?" என்பார். அப்போது அவன் இன்னொரு சுற்று அழைத்துப் போகிறான்.